ஓம்ரான் எச்இஎம்-7120 பிபி மெஷின்: வாங்கும் முன் கையை அளந்து பாருங்கள்

நாலு ஏஏ பேட்டரி போட்டு, மேல்கையில் பட்டையைக் கட்டி, பட்டனை அழுத்தினால் மேல் பிபி, கீழ் பிபி, நாடித்துடிப்பு மூன்றும் திரையில் வந்துவிடும். வீட்டு உபயோகத்துக்கு இது தாராளமாகப் போதும். மணிக்கட்டில் கட்டும் ரகத்தை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கை இதய மட்டத்திலிருந்து சற்று இறங்கினாலே அதில் எண் ஏறிவிடும்.

துல்லியம் ±3 (பிபியை அளக்கும் மி.மீ. பாதரச அலகில்) என்று போட்டிருப்பதைப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். பட்டைக்குள் இருக்கும் காற்றழுத்தத்தை சென்சார் அளக்கும் துல்லியம் அது. பிபியை மெஷின் நேரடியாக அளப்பதில்லை. ரத்தக்குழாய் துடிக்கும்போது பட்டைக்குள் எழும் அதிர்வுகளைப் பிடித்து, அவற்றிலிருந்து மேல், கீழ் எண்களைக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. இந்தக் கணக்கைச் சோதிக்கும் ஐஎஸ்ஓ 81060-2 என்ற சர்வதேசத் தரநிலை, குறைந்தது 85 பேரிடம் பார்த்து, ஒப்பீட்டு அளவீட்டிலிருந்து சராசரி வித்தியாசம் 5-க்குள்ளும், திட்டவிலக்கம் (அந்த வித்தியாசம் ஆளுக்கு ஆள் எவ்வளவு சிதறுகிறது என்பது) 8-க்குள்ளும் இருக்கச் சொல்கிறது. அதாவது, தேறிய மெஷினும் குறிப்பிட்ட ஒருவருக்குப் பத்துக்கு மேலும் தள்ளிக் காட்டலாம். வாங்கியதும் ஒருமுறை டாக்டரிடம் எடுத்துப்போய் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

இதைவிடப் பெரிய தப்பு பட்டையில் நடக்கிறது. கூடவே வரும் பட்டை 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கு மட்டும்தான். தையல் டேப்பால் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றி அளந்து பாருங்கள். 2023-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டியபோது மேல் பிபி சராசரியாக 19.5 கூடுதலாகக் காட்டியது. 125 இருப்பவருக்கு 144 என்று வந்தால், தேவையில்லாத மாத்திரைதான் மிச்சம். கை பருமனானவர்கள் பெரிய பட்டை உள்ள மாடலைக் கேட்டு வாங்குங்கள். ஒல்லியான கைக்கு இதைக் கட்டினால் எண் குறைத்துக் காட்டும்.

கட்டும்போது பட்டையின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு ஒன்றிரண்டு செ.மீ. மேலே நிற்க வேண்டும். சட்டைக் கையின் மேல் கட்டக் கூடாது. அதற்கு முன் அரைமணி நேரம் காபி, டீ, சிகரெட் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படும்படி ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை மேசைமேல் இதய உயரத்தில் இருக்கட்டும். மடியில் வைத்தால் சுமார் 4, பக்கவாட்டில் தொங்கவிட்டால் சுமார் 6.5 கூடுகிறது என்று 2024-இல் வந்த இன்னொரு ஆய்வு காட்டியது.

ஒரே ஒரு ரீடிங்கை வைத்துப் பதறாதீர்கள். காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு, மாலையில் இரண்டு, இடையில் ஒரு நிமிடம் விட்டு ஏழு நாள் எடுத்து, நோட்டில் உடனே குறியுங்கள். முதல் நாளைத் தள்ளிவிட்டு மீதி 24-க்குச் சராசரி போடுங்கள். வீட்டுச் சராசரி 135/85 எட்டினாலே உயர் ரத்த அழுத்தம்; 140/90 என்பது கிளினிக் கணக்கு.

இதயத்துடிப்பு தாறுமாறாக உள்ளவர்களுக்கு அதிர்வுகளும் ஒழுங்கற்று வருவதால் எண்கள் ஒவ்வொரு முறையும் மாறும். சீரற்ற துடிப்புக்கான குறி திரையில் அடிக்கடி வந்தால் ஈசிஜி எடுத்துப் பாருங்கள்.