போக்கர் பழக்குவதாகக் கூறி 112,500 ரூபாயைப் பறித்தவர்கள்

சனிக்கிழமை இரவு என்னை வட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கினார்கள். இன்று திங்கட்கிழமை. இந்த இரண்டு நாட்களில் எத்தனை தடவை கூட்டிப் பார்த்தாலும் 112,500 ரூபாய் என்ற தொகை ஒரு சதமேனும் குறையவில்லை. ஆறிய பிறகு எழுதலாம் என்று வீட்டில் சொன்னார்கள். ஆறினால் எழுத மாட்டேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன். போக்கர் ஆட்டத்தைப் புதிதாகக் கற்க விரும்பும் நம் பகுதி இளைஞர்கள் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதையும் இறுதியில் விரிவாகத் தருகிறேன்.

நான் ஒட்டுசுட்டானுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையில் லாண்ட்மாஸ்டர் திருத்தும் சிறு கடை வைத்திருக்கிறேன். சீட்டாட்டம் எனக்குப் புதிதல்ல. மரண வீடுகளில் இரவு விழித்திருக்கையில் பெரியவர்களின் பின்னால் இருந்து 304 பழகியவன். 32 சீட்டுகளில் எவை இறங்கிவிட்டன, துரும்பு யார் கையில் இருக்கக்கூடும் என்று கணக்கு வைப்பதில் ஊரில் எனக்கு ஓரளவு பெயரும் உண்டு. அந்தப் பெயர்தான் என்னைக் கவிழ்த்தது. "304 தெரிந்தவருக்குப் போக்கர் ஒரு மாதத்தில் பிடிபடும்" என்று முகநூல் விளம்பரம் ஒன்றில் தமிழில் எழுதியிருந்ததைக் கண்டதும், இது நம்முடைய ஆட்டம் தெரிந்த யாரோ நடத்தும் வகுப்பு என்று முடிவு செய்துவிட்டேன்.

கட்டணம் 12,500 ரூபாய். இரவு எட்டரை மணிக்கு, இணையவழியில், ஆறு வகுப்புகள். கற்பித்தவர் தம் பெயரைச் சொல்லவில்லை, 'மாஸ்டர்' என்று அழைத்தால் போதும் என்றார். இவ்விடத்தில் ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்: அவர் கற்பித்தவை பொய்யல்ல. கையில் இரண்டு சீட்டுகள், மேசையில் முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று என எல்லோருக்கும் பொதுவான ஐந்து சீட்டுகள், இந்த ஏழிலிருந்து சிறந்த ஐந்தைத் தெரிந்தெடுப்பது என்ற அரிச்சுவடியிலிருந்து தொடங்கி, வரும் கைகளில் பெரும்பாலானவற்றைக் காசு போடாமலே கீழே வைத்துவிட வேண்டும் என்பதையும், எல்லோருக்கும் கடைசியாக முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவருக்கே மற்றவர்களைப் பற்றிக் கூடுதலாகத் தெரிய வருகிறது என்பதையும் பொறுமையாக விளக்கினார். இரண்டு ஆசுகள் சேர்ந்து கைக்கு வருவது 221 தடவைக்கு ஒருமுறை என்றார். மேசையில் மூன்று சீட்டுகள் விழுந்த நிலையில் நம்மிடம் நான்கு கலாவரை (கிளாவர்) சேர்ந்து, ஒரே இனத்தில் ஐந்து என்ற பலமான கைக்காக ஐந்தாவதற்குக் காத்திருந்தால், கண்ணுக்குத் தெரியாத 47 சீட்டுகளில் 9 மட்டுமே உதவும் என்றும், அது அடுத்த சீட்டில் நூற்றுக்கு 19 என்றும் எழுதிக் காட்டினார். நடுவில் 2,000 ரூபாய் இருக்க எதிராளி 1,000 போட்டால், நாம் 1,000 கட்டி 3,000 வெல்லப் பார்க்கிறோம், அதற்கு நூற்றுக்கு 25 வாய்ப்பாவது வேண்டும், ஆகவே அந்த ஒரு சீட்டை மட்டும் நம்பிக் கட்டுவது நட்டம் என்றார். உர ரசீதின் பின்பக்கத்தில் நானே போட்டுப் பார்த்தேன், சரியாகவே வந்தது. 2003ஆம் ஆண்டில், இணையத்தில் நடந்த சிறு கட்டணப் போட்டி ஒன்றின் வழியாக நுழைந்து, லாஸ் வேகாஸில் உலகப் போட்டியை வென்று 25 இலட்சம் டொலர் பெற்ற கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளரின் கதையையும் சொன்னார். அதுவும் உண்மையே. கணக்கைச் சரியாகச் சொல்பவர் காசிலும் சரியாக இருப்பார் என்று நான் எதைக் கொண்டு எண்ணினேன் என்பது எனக்கே விளங்கவில்லை.

மூன்றாவது வகுப்புக்குப் பிறகு, பழகுவதற்கென்று ஒரு செயலியில் இருந்த தனியார் குழுவுக்குள் எங்களைச் சேர்த்தார். அந்தச் செயலிக்குள் இருப்பவை வெறும் எண்கள். அவற்றைக் காசாக மாற்றித் தருபவர் குழுவின் 'முகவர்' எனப்படும் ஒருவர் மட்டுமே. 25,000 ரூபாய் அனுப்பினேன். மூன்றாம் நாள் வென்ற 8,000 ரூபாயைக் கேட்டபோது, பத்து நிமிடத்தில் என் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்தது. அந்த 8,000 ரூபாயைக் காட்டித்தான் மனைவியிடம் பேசினேன். காலபோக விதைப்புக்கென்று அவள் கட்டி எடுத்த சீட்டுக் காசு 60,000 ரூபாயையும் வாங்கி அனுப்பினேன். சீட்டுக் காசு சீட்டிலேயே போய்விட்டது என்று அண்ணி இப்போது சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

அந்த இரவுதான் மாஸ்டர் அன்பாகச் சொன்னார்: "தம்பி, உம்மடை கை எனக்குத் தெரிஞ்சால்தானே பிழையைத் திருத்தலாம். திரையைப் பகிர்ந்துபோட்டு ஆடும்." நானும் பகிர்ந்தேன். ஒருவர் தம் நேரத்தைச் செலவழித்து என் தோளுக்குப் பின்னால் நின்று பழக்குகிறார் என்று நெகிழ்ந்துகூடப் போனேன். 304 ஆடும்போது என் கையை எதிரணிக்காரருக்கு விரித்துக் காட்டுவேனா? மாட்டேன். இங்கே ஒன்பது இரவுகள் விரித்துக் காட்டினேன்.

ஆறு பேர் இருக்கும் மேசையில் எனக்கு இரண்டு ஆசுகளோ இரண்டு இராசாக்களோ வந்தால் மற்ற ஐவரும் ஒருவர் பின் ஒருவராகக் கீழே வைத்தார்கள். ஒன்றுமில்லாமல் நான் மிரட்டிப் பார்த்தால், எப்போதும் யாராவது ஒருவர் பிடித்தார். மேசையில் மூன்று கலாவரை கிடக்க, கையில் கலாவரை ஆசு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஐந்தும் சேர்ந்துவிட்டது போல 9,000 ரூபாய்க்கு மிரட்டினேன். ஒருவர் ஒரு சோடி ஆறை மட்டும் வைத்துக்கொண்டு, மூன்று விநாடிகூட யோசிக்காமல் கட்டினார். மாஸ்டரிடம் கேட்டேன். "அது வேரியன்ஸ், தம்பி. ஆயிரக்கணக்கான கை ஆடினால்தான் தெரியும்" என்றார். வேரியன்ஸ் என்றால் அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கம். உலகத்தில் எந்த ஆசிரியரும் சொல்லக்கூடிய சரியான பதில் அது. அதனால்தான் வாயடைத்துப் போனேன்.

வியாழக்கிழமை மழைக்கு சிக்னல் குறைந்ததால் திரையைப் பகிர முடியவில்லை. அன்றைக்கு இரண்டு இராணிகளுடன் நான் பந்தயத்தைக் கூட்டியபோது, முதல் தடவையாக இருவர் தொடர்ந்து கட்டி எனக்குத் தோற்றார்கள். பத்து நிமிடத்துக்குள் மாஸ்டரின் அழைப்பு வந்தது: திரையைப் பகிராவிட்டால் வகுப்பு இல்லை. திரையில் தெரிந்த என் கை மேசையில் இருந்த மற்றவர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. மிச்சம் 31,200 ரூபாயைத் திருப்பித் தாருங்கள் என்று முகவருக்கு எழுதினேன். வெள்ளிக்கிழமை காலை, கணக்குப் பிரிவு பார்க்கிறது என்றார். மதியம், 15,000 ரூபாய் உறுதிப்படுத்தல் கட்டணம் கட்டினால் இரண்டும் சேர்ந்து வரும் என்றார். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதையும் கட்டினேன். மாலை, கொழும்பில் உள்ளவர் விடுமுறை. இரவு, நீல நிறச் சரி மட்டும். சனிக்கிழமை பகல் மாஸ்டரிடம் கேட்டபோது, தமக்கும் முகவருக்கும் தொடர்பே இல்லை என்றும், "சூதாட்டத்தில் தோற்பவர்கள் இப்படித்தான் பேசுவார்கள்" என்றும் குரல் பதிவு அனுப்பினார். பிறகு நீக்கிவிட்டார்கள்.

வங்கியில், நானே அனுப்பிய பணத்தைத் தாங்கள் மீட்க முடியாது என்றார்கள். பொலிஸ் நிலையத்தில் இருந்தவர், சூதாடுவதற்குக் காசு கட்டியதாக நீரே எழுதிக் கையெழுத்து வைப்பீரா என்று கேட்டார். வைக்காமல் திரும்பினேன். வந்த 8,000 ரூபாயைக் கழித்தால் 104,500 தானே என்று வீட்டில் ஆறுதல் சொல்கிறார்கள். அந்த 8,000 ரூபாய் தூண்டிலில் குத்திய புழு. அதை நான் கழிக்க மாட்டேன். போனது 112,500 ரூபாய்.

விரிவான ஆலோசனை தருவதாகத் தொடக்கத்தில் எழுதினேன். இப்போது அதற்கு மனம் இல்லை, இவற்றை மட்டும் சொல்கிறேன். ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில் உங்கள் கையை எவருக்கும், குருவே ஆனாலும், காட்டாதீர்கள். பிழை திருத்த வேண்டுமானால் ஆட்டம் முடிந்த பிறகு கைகளை எழுதிக் காட்டலாம். உள்ளே இருக்கும் காசை எடுப்பதற்குக் காசு கேட்டால் அதோடு நிறுத்துங்கள். நான் பணம் அனுப்பிய நான்கு தடவையும் வெவ்வேறு பெயர்களில் கணக்குகள் தரப்பட்டன, அதையாவது கவனியுங்கள். ஆட்டம் பழகத்தான் ஆசை என்றால் நான்கு நண்பர்களும் புளியங்கொட்டையும் போதும்.

அந்த நான்கு கணக்கு இலக்கங்களும், குரல் பதிவும், ஸ்கிரீன்ஷொட்களும் என்னிடம் பத்திரமாக உள்ளன. அந்த வகுப்பில் முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கத்துக் குரல்கள் குறைந்தது மூன்று கேட்டேன். அவர்கள் இதைப் படித்தால் தனியாகச் செய்தி அனுப்புங்கள். வியாழக்கிழமை காலை மீண்டும் முறைப்பாடு செய்யப் போகிறேன். இந்தத் தடவை கையெழுத்து வைப்பேன்.