கீழே பார்த்தால் நீளும், மேலே பார்த்தால் சுருங்கும்

போன வாரம், தூரத்துப் பறவைகளை எடுக்க வைத்திருக்கும் என் 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ் ரிப்பேருக்குப் போய்த் திரும்பி வந்தது. அதே வாரம் பார்த்து ஆபீஸ் நண்பர் ஒருவர், "தீபாவளி ஆஃபர்ல இந்த லென்ஸ் விலை குறைஞ்சிருக்கு. நீங்க ஆறு வருஷமா வெச்சிருக்கீங்களே, வாங்கலாமா சார்?" என்று கேட்டார். பில் கட்டிய வயிற்றெரிச்சல் அடங்குவதற்குள் கேட்டிருக்க வேண்டாம். இரண்டு வரியில் பதில் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன், இவ்வளவு நீண்டுவிட்டது.

எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. இந்த ரக லென்ஸ் வைத்திருக்கும் பலர் இதே பாட்டைத்தான் பாடுகிறார்கள். எடை இரண்டு கிலோவை ஒட்டி, 600-ல் எஃப் 6.3 (இந்த எண் கூடக் கூட உள்ளே வரும் வெளிச்சம் குறையும்), ஏபிஎஸ்-சி என்ற சின்ன சென்சார் கேமராவில் மாட்டினால் 900 மி.மீ.-ஐ ஒட்டிய பார்வை. இதெல்லாம் வாங்க நினைப்பவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். படத்தின் தரத்தைப் பற்றியும் பெரிய புகார் இல்லை. 600-ல் கொஞ்சம் மென்மை, எஃப் 8 வைத்தால் சரியாகிவிடும். ஆனால் விடிகாலை ஆறரை மணி வெளிச்சத்தில் எஃப் 8 வைக்க யாருக்கு வசதிப்படும்? அதுவும் எல்லோருக்கும் உள்ள கஷ்டம்தான்.

என் பிரச்சினை ஒன்றே ஒன்று. இந்த லென்ஸ் தானாக இறங்கும்.

முன்னால் இருக்கும் கண்ணாடிகள் கனமானவை. ஜூம் செய்யும்போது அந்தக் கனம் முழுவதும் குழாயோடு சேர்ந்து வெளியே வருகிறது. புதிதாக இருந்தபோது ஜூம் வளையம் இறுக்கமாக இருந்தது, எங்கே விட்டோமோ அங்கே நின்றது. இரண்டாவது வருடம் பிடி தளர ஆரம்பித்தது. தோளில் மாட்டிக்கொண்டு நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு விரற்கடை நீளும். வேடந்தாங்கல் கரையில் நடந்துகொண்டிருந்தபோது பின்னால் வந்த ஒரு பெரியவர், "தம்பி, உங்க கேமரா கழண்டு விழுது" என்று பதறிப்போய்ச் சொன்னார். "இல்லைங்க ஐயா, அது அப்படித்தான்" என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பதிலை எத்தனையோ பேரிடம் சொல்லியாகிவிட்டது.

ஜூம் நகராமல் பிடிக்கப் பூட்டு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, 150-ல் மட்டும். 150-ல் பூட்டி வைத்துக்கொண்டு பறவையை எடுக்கவா இதை வாங்கினேன்? சர்வீஸ் சென்டரில் கேட்டபோது, "இது டிஃபெக்ட் இல்லை சார், பெரிய ஜூம்னா இப்படித்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் பெரியவருக்குச் சொன்ன பதிலையே எனக்குத் திருப்பிச் சொன்ன மாதிரி இருந்தது.

நடக்கும்போது இறங்கினால் கூடப் பரவாயில்லை, எடுக்கும்போது இறங்குவதுதான் கொடுமை. வேடந்தாங்கலில் பறவை பார்க்கும் கோபுரத்தின் மேலிருந்து பார்த்தால் மரங்கள் நமக்குக் கீழே இருக்கும். ஒரு ஜனவரி காலை, ட்ரைபாடில் மாட்டி, 420-ஐ ஒட்டி வைத்து, கூட்டுக்கு இரை கொண்டுவரும் கூழைக்கடாவுக்காகக் காத்திருந்தேன். இரண்டு இறக்கையும் விரிந்து உள்ளே அடங்குமளவுக்குச் சட்டம் பார்த்து வைத்திருந்தேன். கையை எடுத்துவிட்டேன், ரிமோட் மட்டும் கையில். பறவை வந்தது. 1/2000 நொடி வேகத்தில் பன்னிரண்டு படம் ஓடியது. கண்ணில் ஃபோகஸ், அலகில் தண்ணீர்ச் சொட்டு, எல்லாம் அருமை. பன்னிரண்டிலும் இடது இறக்கையின் நுனி இல்லை. படத்தோடு பதிவான விவரத்தைப் பார்த்தால் முதல் படம் 483, கடைசிப் படம் 500. நான் பறவையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் லென்ஸ் மெதுவாகக் கிணற்று வாளி மாதிரி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

வைத்தியம் பஞ்சர் கடையில் கிடைத்தது. பழைய ஸ்கூட்டர் ட்யூபில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வளையம் வெட்டித் தரச் சொன்னேன். காசு வாங்கவில்லை. அதை இழுத்து, பாதி ஜூம் வளையத்தின் மேலும் பாதி அசையாத பகுதியின் மேலும் படும்படி மாட்டினால் பிரேக் போட்ட மாதிரி நிற்கும். தொல்லை என்னவென்றால், பறவை திடீரென்று கிளம்பும்போது ஜூமைக் குறைக்க மணிக்கட்டு மறுக்கும். மே மாத வெயிலில் ரப்பர் இளகி விரலெல்லாம் கறுப்பாகும். எண்பதாயிரத்தை ஒட்டிக் கொடுத்து வாங்கிய சாமான், ஓசி ட்யூப் துண்டை நம்பி ஓடுகிறது.

ரிப்பேர் கதைக்கு வருகிறேன். மார்ச் கடைசியில் பள்ளிக்கரணையில் பூநாரை எடுத்துவிட்டு வந்தவன், அலுப்பில் வியர்வை ஈரத்தோடு பையில் போட்டு பீரோ மேல் ஏற்றினேன். மற்ற லென்ஸ்களெல்லாம் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் இருக்கின்றன. இது அதில் நுழையாது. செப்டம்பரில் இறக்கிப் பார்த்தால் படமெல்லாம் லேசாகப் பால் ஊற்றிய மாதிரி. ரிப்பேர்காரர் பின்பக்கமிருந்து மொபைல் டார்ச் அடித்துக் காட்டினார். உள்கண்ணாடி ஒன்றின் ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை, நடுவை நோக்கி விரல் நீட்டிக்கொண்டு.

"கோட்டிங்கைத் தின்னல, தப்பிச்சீங்க" என்றார். அப்புறம் லென்ஸை என் முகத்துக்கு நேரே பிடித்து, இரண்டு முறை இழுத்து மூடினார். பின்பக்கத்திலிருந்து காற்று வந்து என் கன்னத்தில் பட்டது. "பாத்தீங்களா, சைக்கிள் பம்பு. நீளும்போதெல்லாம் வெளிக்காத்த உள்ள இழுக்கும். நம்ம ஊர்க் காத்துல என்ன இருக்கும்? தண்ணிதான்." தானாக இறங்கும் லென்ஸ் தோளில் தொங்கிக்கொண்டே எத்தனை முறை மூச்சு விட்டிருக்கும் என்று கணக்குப் போட்டேன். பீரோ மேல் போட்டது என் தப்பு, மறுக்கவில்லை. பாதிதான் என் தப்பு.

வளையத்தை இறுக்கித் தர முடியுமா என்றேன். "தரலாம், அப்புறம் ஜூம் பண்ண முடியலன்னு வருவீங்க." சுத்தம் செய்ததற்கு நாலாயிரத்து ஐந்நூறு. இப்போது பெரிய டப்பா வாங்கி, ஈரமானி 45 சதவிகிதம் காட்டும்படி வைத்திருக்கிறேன். நீல ஜெல் ரோஸ் நிறமானால் வறுத்து எடுத்துத் திரும்பப் போடுகிறேன், சமையலுக்கு இல்லாத பழைய வாணலியில்.

இனி நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த லென்ஸ் எனக்குத் தந்த பெரிய சந்தோஷம் பறவை இல்லை. ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம். 1987-ல் கட்டி முடித்த 236 அடி உயரம், பதின்மூன்று நிலை. தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் மேல் நிலைகளெல்லாம் வண்ணக் குவியலாகத்தான் தெரியும். சும்மா ஒரு நாள் 600-ல் வைத்து ஒவ்வொரு நிலையாக ஏறினேன். யாரும் கிட்டப்போய்ப் பார்க்காத உயரத்தில் ஒரு சுதைச் சிற்பத்தின் கால் விரல்களுக்கு நகம் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பொந்திலிருந்து கிளி ஒன்று தலையை நீட்டி என்னையே பார்த்தது. ஒன்றரை மணி நேரம் நின்றேன். கழுத்து பிடித்துக்கொண்டது. அண்ணாந்து பிடித்தால் இந்த லென்ஸ் உள்ளே சுருங்கும் என்பதையும் அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன்.

ஆகவே நண்பருக்கு: வாங்க வேண்டாம். கையில் பிடித்துச் சுற்ற 100-400 வகை போதும், எடையும் குறைவு. கடைக்குப் போயே தீருவேன் என்றால், கேமராவில் மாட்டித் தரையைப் பார்த்துப் பிடித்து லேசாக உலுக்குங்கள். ஆனால் புது லென்ஸ் அன்றைக்கு ஒழுங்காகத்தான் இருக்கும். போன டிசம்பரில் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன் என்பதையும் மறைக்கவில்லை.

இதை அனுப்பிய ஐந்தாவது நிமிடம் பதில் வந்தது: "அப்ப உங்களோடத பாதி விலைக்கு எனக்குக் குடுத்துடுங்க சார்."

பொங்கல் முடியட்டும், பார்க்கலாம் என்று போட்டிருக்கிறேன். வேடந்தாங்கலில் குஞ்சுகள் கூட்டை விட்டுத் தலை நீட்டுவதே அப்போதுதான் என்பது அவருக்குத் தெரியாது.