ஹப்போ முதல் ரோப்லாக்ஸ் வரை: ஒரு பழைய பயனரின் அனுபவம்

ஹப்போ ஹோட்டலுக்குள் நுழைந்தபோது எனக்குப் பதினாலு வயசு. 2000-இல் பின்லாந்தில் தொடங்கிய தளம் அது. கட்டம் கட்டமாக வரைந்த பொம்மை உருவம், அதற்கொரு அறை, அறையில் போட நாலு நாற்காலி. விளையாட்டென்று பெரிதாக எதுவும் கிடையாது. போவோம், நிற்போம், அரட்டை அடிப்போம். பேசுவதெல்லாம் தலைக்கு மேல் குமிழாக எழும்பி, மெல்ல மேலேறி மறைந்துவிடும். அறையில் இருந்தவர்கள் படித்தார்கள், அவ்வளவுதான். உளறினதும் அசடு வழிந்ததும் அதோடு போச்சு. அந்த வயசுக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

அப்புறம் ஹப்போ ஹோம் வந்தது. ஆளுக்கொரு பக்கம்; ஸ்டிக்கர் ஒட்டலாம், வந்தவர்கள் நாலு வரி எழுதிவிட்டுப் போகலாம். மெய்நிகர் உலகத்தோடு சமூக வலைத்தளம் கலந்ததை நான் முதலில் பார்த்தது அங்கேதான். எழுதினது மறுநாளும் அப்படியே நின்றது. யார் பக்கத்தில் எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்று எண்ண ஆரம்பித்தோம். சகஜமாகப் பேசினவர்கள்கூட யோசித்து யோசித்து எழுதினார்கள்.

2005-இல் 13 முதல் 17 வயதினருக்கென்றே வந்த மெய்நிகர் உலகமான டீன் செகண்ட் லைஃப் வேறு ரகம். பாதுகாப்புக்காகப் பெரியவர்களுக்கான செகண்ட் லைஃபிலிருந்து முற்றிலும் பிரித்து வைத்திருந்தார்கள். அப்போது 18 ஆனதும் கணக்கு பெரியவர்கள் பக்கம் போய்விடும். வயதில் சின்ன நண்பர்கள் இந்தப் பக்கமே நிற்பார்கள். பிறந்தநாள் பரிசாக நண்பர் கூட்டமே காலி! வேலியின் நியாயம் புரிகிறது, ஆனால் நட்பு வயசுச் சான்றிதழ் பார்த்தா வருகிறது?

இப்போது அக்கா மகளோடு ரோப்லாக்ஸ்; ஏகப்பட்ட விளையாட்டுகள் ஒரே இடத்தில் இருக்கும் தளம். எனக்குப் பிடித்தது ஒரே விஷயம்: திறந்ததும் நண்பர்கள் வரிசை தெரியும், யார் எந்த விளையாட்டில் இருக்கிறார்கள் என்றும் தெரியும். தட்டினால் அங்கேயே போய்ச் சேரலாம். மெய்நிகர் உலகங்கள் சமூக வலைத்தளத்திலிருந்து கடன் வாங்க வேண்டியது இதைத்தான். விளையாட்டு சும்மா ஒரு சாக்கு. உடை அலங்காரப் போட்டி ஓடிக்கொண்டிருக்க, அவளும் நண்பர்களும் மூலையில் நின்று வம்பளப்பார்கள்.

இடையில் அவள் வேறொரு செயலிக்கும் போனாள். அதில் அவதாருக்கு ஃபாலோயர், லைக், போட்டோ ஃபீட் எல்லாம் உண்டு. கொஞ்ச நாளில் அறைகளுக்குப் போவதையே விட்டுவிட்டாள். புது உடை, ஒரு போஸ், படம் பதிவு, எண்ணிக்கை பார்ப்பது. ஒருநாள் எட்டிப் பார்த்தேன்: ஃபீட் நிரம்பி வழிகிறது, அவளுடைய அறையில் ஈ காக்கை இல்லை. அழகாக வரைந்த உலகத்தை வெறும் படத்திரையாக்கிவிட்டார்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் இப்போது கெடுபிடி கூடியிருக்கிறது. விளையாட்டுக்கு வெளியே நேரடிச் செய்தி அனுப்புவதை 13 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு 2024 நவம்பரில் ரோப்லாக்ஸ் கட்டுப்படுத்தியது. அரட்டைக்கு முகத்தை வைத்து வயதைக் கணிக்கும் முறையை அடுத்த ஆண்டு அறிவித்தது. எங்கள் வீட்டில், அவள் இருக்கும் விளையாட்டில் யார் வந்து சேரலாம் என்பதை நண்பர்களுக்கு மட்டும் என்று வைத்திருக்கிறோம். அந்தப் பட்டியலில் யார் யார் என்று மாதம் ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். பெயர் மட்டும் தெரிந்து ஆள் யாரென்று தெரியாதவர்களை அவளே நீக்கிவிடுகிறாள்.