மணலி என்ற முகவரி: பல வருட உபயோகத்துக்குப் பின்

ஊர்ப் பேருக்கு ரிவ்யூவா என்று சிரிக்க வேண்டாம். வட சென்னை மணலியில் குடியிருந்து ஆன்லைனில் ஆர்டர் போடுகிறவர்களுக்கு, செல்போன் ரிவ்யூவை விட இது உதவும்.

ஆங்கிலத்தில் அடித்தால் நம் மணலிக்கும் இமாசல மணாலிக்கும் ஒரே ஸ்பெல்லிங். வானிலை ஆப்பில் தேடினால் முதலில் வந்து நிற்பது குலு மாவட்டம்தான். ரிஃபைனரி வாசனையில் வியர்த்து நிற்கும்போது போனில் பனிப்பொழிவு எச்சரிக்கை வரும். நான் ஆப்பில் பக்கத்து ஊரான திருவொற்றியூர் என்று மாற்றி வைத்துவிட்டேன். மழையும் வெயிலும் இரண்டுக்கும் ஒன்றுதானே.

பார்சல் விஷயத்தில் என்னைக் காப்பாற்றுவது பின்கோடு மட்டும்தான். நமக்கு 600068, அந்த மணாலிக்கு 175131. முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளா பக்கம். 1 என்றால் டெல்லி, பஞ்சாப், இமாசலம். ஒரே பேரில் பல ஊர் இருந்த குழப்பமும் 1972-ல் பின்கோடு வரக் காரணம். பேரை மட்டும் எழுதி அனுப்பிய உறவினரின் பார்சல் ஒன்று வடக்கே போய்த் திரும்பி வந்தது. திருத்துறைப்பூண்டி பக்கமும் ஒரு மணலி உண்டு, கம்யூனிஸ்ட் தலைவர் மணலி கந்தசாமியின் ஊர். அதனால் தமிழ்நாடு என்று எழுதினால் மட்டும் போதாது.

ஆட்டோ கதை தனி. மணலி பக்கத்து மாத்தூர் எம்.எம்.டி.ஏ. குடியிருப்பில் இருக்கிறவர் வெறும் 'எம்.எம்.டி.ஏ.' என்று சொன்னால் வண்டி அரும்பாக்கம் எம்.எம்.டி.ஏ. காலனிக்குத் திரும்பும். 'மாத்தூர்' என்று மட்டும் தேடினாலோ மேப்பில் கன்னியாகுமரி தொட்டிப் பாலம் வந்து நிற்கும். 'மணலி மாத்தூர்' என்று சேர்த்தே சொல்லுங்கள்.

எனக்கு அதிகம் எரிச்சல் தந்தது அரசு எல்லைகள்தான். 2011-ல் மணலி சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. மாவட்டம் என்னவோ 2018 வரை திருவள்ளூர். வரி சென்னைக்கு, சாதிச் சான்றிதழுக்கு திருவள்ளூர் மாவட்டம். மழை லீவு அறிவிப்பு வந்தால் எந்த கலெக்டர் சொன்னது நமக்கு என்று தெருவே விசாரிக்கும். இப்போது மாவட்டமும் சென்னை என்பதால் அந்தக் குழப்பம் தீர்ந்தது. பழைய ஆவணங்களில் மட்டும் திருவள்ளூர் அப்படியே இருக்கிறது, கேட்கும் இடத்தில் விளக்கம் சொல்லத் தயாராகப் போங்கள்.

மணலி புதுநகருக்கு வீடு பார்க்கிறவர்களுக்கு ஒன்று: அங்கே பின்கோடு 600103. மாநகராட்சி சென்னைதான், போலீஸ் மட்டும் 2022 முதல் ஆவடி கமிஷனரேட்.