இடி, மின்னல், சூறைக்காற்று: பட்ஜெட் கேம்கார்டரில் எது தேறும்?

கேம்கார்டர் டப்பாவின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது ஜூம் எண்தான். கேனன் விக்ஸியா எச்எஃப் ஆர்800-இல் 32 மடங்கு, சோனி எச்டிஆர்-சிஎக்ஸ்405-இல் 30, பானசோனிக் எச்சி-வி770-இல் 20. மூன்றுமே ஃபுல் எச்டி. பள்ளி ஆண்டு விழாவுக்கு என்றால் இந்த எண்ணை வைத்தே ஒன்றை எடுத்துவிடலாம். பாதி வானத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் இடிமேகத்துக்கு ஜூம் எதற்கு? அங்கே வேண்டியது அகலம், மங்கிய வெளிச்சத்தைத் தாங்கும் சென்சார், சொன்ன பேச்சைக் கேட்கும் மேனுவல் வசதி.

அகலத்தில் சோனிக்குத்தான் முதலிடம். 35 மி.மீ. ஃபிலிம் கேமரா கணக்கில் (எண் குறையக் குறையக் காட்சி அகலும்) அதன் லென்ஸ் 26.8-இல் தொடங்குகிறது, பானசோனிக் 29.5-இல். கேனன் இந்த இரண்டையும்விடக் குறுகலாகத்தான் காட்டும்.

சென்சாரில் நிலைமை தலைகீழ். பானசோனிக்கில் 1/2.3 அங்குலம், கேனனில் 1/4.85, சோனியில் 1/5.8. கீழே உள்ள எண் ஏற ஏற சென்சார் சிறுத்துக்கொண்டே போகும். நடுப்பகலிலேயே இருட்டிக்கொண்டு வரும்போது சின்ன சென்சார் உள்ள கேமரா கெய்னை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, ஏற்றிவிடும். கருநீல மேகம் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாகப் பொரிந்துபோயிருக்கும்.

மின்னல்தான் உண்மையான பரீட்சை. ஒவ்வொரு வெட்டும் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவான நேரமே நீடிக்கும். அப்படிச் சில வெட்டுகள் அடுத்தடுத்து விழுவதால்தான் கண்ணுக்கு அது துடிப்பதுபோலத் தெரிகிறது. இந்த மூன்று கேமராவிலும் சீமாஸ் சென்சார்தான், படத்தை வரி வரியாகப் படிக்கும். அதனால் ஒரு ஃபிரேமில் மேல்பாதி பளீரென்றும் கீழ்பாதி இருட்டாகவும் வெட்டுப்பட்டு விழுவது மூன்றிலும் உண்டு. ஆனால் ஷட்டரை (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சத்தை உள்ளே விடும் நேரத்தை) எங்கே வைக்கிறோம் என்பது பெரிய வித்தியாசம் செய்யும். வினாடிக்கு 60 ஃபிரேம் ஓடும்போது ஷட்டர் 1/250-இல் இருந்தால் முக்கால்வாசி நேரம் கேமரா கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். 1/60-இல் நிறுத்திவைத்தால் எந்த வெட்டும் தப்பாது. பானசோனிக்கின் மேனுவல் முறையில் ஷட்டர், ஐரிஸ் (லென்ஸின் துவாரம்), ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) நான்கையும் தனித்தனியாகப் பூட்டலாம். மற்ற இரண்டும் பெரும்பாலும் ஆட்டோவை நம்பி ஓடுபவை. ஆட்டோ ஃபோகஸோ, விளிம்பே இல்லாத மேகத்தைப் பார்த்தால் முன்னும் பின்னும் அலைய ஆரம்பித்துவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் நல்ல மின்னல் விழும்!

கேனனையும் சும்மா ஒதுக்க முடியாது. ரெக்கார்ட் பட்டனை அழுத்துவதற்கு முந்தைய 3 வினாடியையும் சேர்த்துப் பதியும் வசதி அதில் இருக்கிறது. பானசோனிக்கிலும் உண்டு. மின்னலைப் பார்த்த பிறகு பட்டனைத் தேடுகிறவர்களுக்கு இது வரப்பிரசாதம்.

அடுத்து பிட்ரேட், அதாவது ஒரு வினாடி வீடியோவுக்குப் பதியும் டேட்டாவின் அளவு. கொட்டும் மழையில் ஒவ்வொரு ஃபிரேமும் புதுசு, கம்ப்ரெஷன் திணறிப்போகும். ஏவிசிஎச்டி என்ற பதிவு முறையில் உச்சமே 28 எம்பிபிஎஸ்தான் (வினாடிக்கு இத்தனை மெகாபிட்). மழைத்தாரை கட்டம் கட்டமாக உடையும். சோனியில் எக்ஸ்ஏவிசி எஸ், பானசோனிக்கில் எம்பி4 என்ற முறைகள் இரண்டும் 50 எம்பிபிஎஸ் வரை போகும், கேனன் 35-உடன் நின்றுவிடும். 50-இல் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 22 ஜிபி, கார்டைப் பெரிதாகவே வாங்குங்கள்.

சோனியை நான் ஒதுக்குவதற்குக் காரணம் சத்தம். அதில் வெளி மைக் செருக இடமே இல்லை. காற்று அடிக்கும்போது உள் மைக்கில் படபடப்பு மட்டும்தான் கேட்கும், இடி அதற்குள் அமுங்கிவிடும். மற்ற இரண்டிலும் மைக் ஜாக் இருக்கிறது, ரோமக் கவசம் போட்ட சின்ன மைக் போதும்.

ஆக்‌ஷன் கேமரா மழைக்கு அஞ்சாது, ஆனால் அதன் அகன்ற லென்ஸில் தூரத்துச் சுழல்காற்று வெறும் நூல்துண்டு. கையில் உள்ள மொபைல் அவசரத்துக்கு ஆகும்.

என் ஓட்டு பானசோனிக்குக்கு. புதிதாக வந்தபோது மூன்றில் விலை கூடியது அதுதான், கையைக் கடித்தால் செகண்ட் ஹேண்டில் தேடலாம். வாங்கும் முன் ஐரிஸைக் குறுக்கி வெறும் வானத்தை ஒரு நிமிடம் எடுத்துப் பாருங்கள்; சென்சார் தூசி இருந்தால் அதில் காட்டிக்கொடுத்துவிடும். திரையின் கீலை நாலைந்து முறை திறந்து மூடி, படம் விட்டு விட்டு வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். முக்காலியில் ஏற்றியதும், கை ஆட்டத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசரை அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் மேகம் நகர நகர அதுவும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். இடிச்சத்தம் காதில் விழுந்துவிட்டால் வெட்டவெளியில் முக்காலியோடு நிற்காதீர்கள். மூடிய காருக்குள் போய், கண்ணாடியில் வழியும் துளிகளை ஃபோகஸ் பிடிக்காதபடி மேனுவலில் தூரத்துக்கு வைத்து அங்கிருந்தே எடுங்கள்.