தக்கலை மாடி வகுப்பு: எஸ்.எஸ்.பி. போகிறவர்கள் சேரலாமா?

முழுசாகப் படிக்க நேரமில்லாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்படை அதிகாரி வேலைக்கான சி.டி.எஸ்., ஏ.எஃப்.கேட் எழுத்துத் தேர்வு தாண்டி, எஸ்.எஸ்.பி. என்கிற நேர்முகத்துக்குக் காத்திருப்பவர்கள் என்றால் தாராளமாகச் சேரலாம். எழுத்துத் தேர்வுக்கே இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள் என்றால் நாகர்கோவிலில் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இங்கே கணக்கு கிடையாது, இங்கிலீஷ் கிராமர் கிடையாது, மாதிரித் தேர்வும் கிடையாது. பேச்சு மட்டும்தான். சனி, ஞாயிறு சாயங்காலம், மாதம் 800 ரூபாய், தக்கலை பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போய்விடலாம். போர்டு இல்லை, பெயரும் வைக்கவில்லை, மேப்பில் தேடினாலும் வராது. கீழே பம்புசெட் ரிப்பேர் கடை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் போட்ட மாடி, நடத்துகிறவர் விமானப்படையில் டெக்னிக்கல் டிரேடில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். நாங்கள் அவரை சார் என்போம், அவருக்கு ஆண் பெண் வித்தியாசமில்லாமல் எல்லாரும் மக்கா.

எஸ்.எஸ்.பி.யில் லெக்சரெட் என்று ஒன்று உண்டு, தெரிந்திருக்கும். அட்டையில் நாலு தலைப்பு, ஒன்றை எடுத்து மூன்று நிமிடம் யோசித்து மூன்று நிமிடம் பேச வேண்டும். மற்ற கோச்சிங் இடங்களில் நூறு தலைப்புக்கு நூறு பதில் பிரிண்ட் போட்டுக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்வார்கள். இவர் ஒரு வார இறுதிக்கு ஒரே தலைப்பு, அதை எல்லாருமாகச் சேர்ந்து உரித்துத் தோலை எடுக்கும்வரை விடமாட்டார். வகுப்பு எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு தலைப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: நட்பு நாடுகளுக்கு நவீன ஆயுதம் விற்பதில் உள்ள ஆபத்து.

முதலில் எழுந்த பையன் யூடியூப்பில் கேட்டதை அப்படியே ஒப்பித்தான். ஏற்றுமதி பெருகும், டாலர் வரும், நட்பு இறுகும், ஆபத்து என்று பார்த்தால் தீவிரவாதிகள் கைக்குப் போய்விடலாம், நன்றி வணக்கம். சார் ஒன்றும் சொல்லாமல் படியிறங்கிப் போய்க் கீழ்க்கடையில் ஒரு ரப்பர் ஓ-ரிங் வாங்கி வந்து மேஜைமேல் வைத்தார். கறுப்பு, ஒரு வளையல் அளவுகூட இல்லை, மேலே பழைய கிரீஸ், தொட்டால் சோப்புப் போட்டாலும் லேசில் போகாத வகை. எல்லார் கைக்கும் சுற்ற விட்டுவிட்டுக் கேட்டார், "மக்கா, ஹைட்ராலிக் லைன்ல இது ஒண்ணு போச்சுன்னா விமானம் ஹேங்கர விட்டு வெளிய வராது. இத உனக்கு யாரு தருவா?"

அங்கிருந்து நேராக ஈரானுக்குப் போனார். 1979 வரை ஈரானின் மன்னர் ஷா அமெரிக்காவுக்கு அவ்வளவு நெருக்கம், எஃப்-14 டாம்கேட் என்ற, அப்போது அவர்கள் கடற்படையிடம் இருந்த ஆகச் சிறந்த போர் விமானத்தை உலகத்திலேயே அந்த ஒரு நாட்டுக்கு மட்டும் விற்றார்கள். ஆர்டர் 80, போய்ச் சேர்ந்தது 79, கூடவே வெகுதூரத்தில் வரும் விமானத்தையும் அடிக்கும் ஃபீனிக்ஸ் ஏவுகணைகள். அந்த வருடப் புரட்சியில் ஷா நாட்டை விட்டே போனார், மதத்தலைவர் கொமேனி ஆட்சிக்கு வந்தார், அமெரிக்கத் தூதரக ஊழியர்களைப் பிணையாகப் பிடித்து வைத்தார்கள், விமானங்கள் மட்டும் அங்கேயே நின்றன. அமெரிக்கா ஸ்பேர்ஸை, அதாவது உதிரிபாகங்களை, நிறுத்தியது. இரண்டு வருடத்தில் எல்லாம் இரும்புக் கடைக்குப் போய்விடும் என்று நினைப்போம் இல்லையா, போகவில்லை. ஒரு விமானத்தைப் பிரித்து இன்னொன்றுக்குப் போட்டு, ஈராக்கோடு எட்டு வருடம் நடந்த போரில் அதே எஃப்-14-களைப் பறக்கவிட்டார்கள். இந்த இடத்தில் சார் நிறைய நேரம் நின்றார், ஏனென்றால் இப்படிக் கேனிபலைஸ் பண்ணுவது அவர் கையாலேயே செய்த வேலை, எந்த பாகத்தை எடுக்கலாம், எடுத்தால் எதைப் பதிவேட்டில் எழுத வேண்டும், எந்த பாகத்தை எடுக்கவே கூடாது என்று அவர் சொல்லும்போது இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம் என்று தெரிகிறது.

கதை அதோடு முடியவில்லை. 1985, 86-ல் ரீகன் ஆட்சி ரகசியமாக அதே ஈரானுக்கு டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகளும் விமான எதிர்ப்பு ஹாக் ஏவுகணைக்கான ஸ்பேர்ஸும் விற்று மாட்டிக்கொண்டது. 2006-ல் அமெரிக்கா தன்னிடமிருந்த எஃப்-14-களுக்கு ஓய்வு கொடுத்தது, அப்புறம் அவற்றில் பலவற்றை மெஷினில் போட்டு நொறுக்கியது, எதற்கு என்றால் ஒரு பாகம்கூடச் சுற்றிச் சுற்றி ஈரானுக்குப் போய்விடக் கூடாது என்று. விற்று முப்பது வருடம் கழித்தும் வாங்கினவனுக்குப் பயந்து சொந்தச் சரக்கை நொறுக்குகிறான் விற்றவன். நான் கட்டின 800 ரூபாய் இந்த ஒரு மணி நேரத்துக்கே சரியாகிவிட்டது.

சார் சொல்ல வருவது இதுதான். விற்கிறவன் கையில் இருக்கிற ஒரே கடிவாளம் ஸ்பேர்ஸ். அதை இழுத்தால் வாங்கினவன் அடுத்த கடைக்குப் போய்விடுவான், இழுக்காமல் விட்டால் நீ விற்றது யாரைச் சுடுகிறது என்று கேட்க உனக்கு வாய் இல்லாமல் போகும். குளச்சல் பையன் ஒருவன் உடனே, "எங்க வள்ளத்துக்கு அவுட்போர்டு இன்ஜின் பார்ட்ஸ் வரலைன்னா நாங்க கம்பெனியையே மாத்திருவோம் சார்" என்றான், வகுப்பில் பாதிப் பேருக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. பாகிஸ்தான் எஃப்-16 கதை அதற்கு அப்படியே பொருந்துகிறது. 1990-ல், அணுகுண்டு இருந்தால் பாகிஸ்தானுக்கு ராணுவ உதவி கிடையாது என்கிற பிரெஸ்லர் சட்டத்திருத்தத்தைக் காட்டி, பணம் கட்டி ஆர்டர் செய்த 28 விமானங்களை அமெரிக்கா கொடுக்கவில்லை, அவை அரிசோனா பாலைவனத்தில் நின்றன, 1998-ல்தான் பெரும்பகுதியைப் பணமாகவும் மீதியைக் கோதுமை மாதிரிப் பொருளாகவும் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். பாகிஸ்தான் என்ன செய்தது? சீனாவோடு சேர்ந்து ஜேஎஃப்-17 போர் விமானம் செய்ய ஆரம்பித்தது.

சார் மிக்-21-ல் வேலை பார்த்தவர். அதனால் அவருக்கு மிகவும் பிடித்த கதை சைட்விண்டர். 1958-ல் தைவானுக்கு அமெரிக்கா இந்த ஏவுகணையைக் கொடுத்தது, வெப்பத்தை மோப்பம் பிடித்துப் போகிற வகை, அன்றைக்கு சீனாவிடமோ சோவியத்திடமோ இல்லாதது. சீன மிக்-17 ஒன்றின்மேல் அது வெடிக்காமல் குத்திக்கொண்டு நிற்க, விமானி அப்படியே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். சீனா அதை சோவியத்துக்குக் கொடுத்தது, சோவியத் பிரித்துப் பார்த்து கே-13 என்று நகல் செய்தது, அந்த கே-13 கடைசியில் நம் மிக்-21 இறக்கைக்கு அடியில் வந்து தொங்கியது. எதிரில் பாகிஸ்தான் விமானத்தில் அசல் சைட்விண்டர்! "நான் தொடச்ச மிசைலுக்குத் தாத்தா அமெரிக்காக்காரன் மக்கா" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்வார். கேட்கத் தமாஷாக இருக்கிறது, ஆனால் விற்ற நாடு துரோகம் செய்யவில்லை, வாங்கிய நாடும் துரோகம் செய்யவில்லை, நல்லபடியாகப் பயன்படுத்தினபோதே ரகசியம் போய்விட்டது என்பதைக் கவனியுங்கள். தீவிரவாதி கைக்குப் போகும் என்று ஒப்பித்த பையன் இதை நோட்டில் எழுதிக்கொண்டான்.

பாட்டன் டாங்கி எல்லாருக்கும் தெரியும் என்பதால் வேகமாகக் கடந்தார். கம்யூனிசத்தைத் தடுக்க என்று அமெரிக்கா பாகிஸ்தானுக்குக் கொடுத்தது, இந்தியாவுக்கு எதிராகப் பயன்படாது என்று 1954-ல் ஐசனோவர் நேருவுக்கு உறுதி எழுதியது, 1965-ல் கேம்கரன் பக்கம் அசல் உத்தரில் நம் ஜவான்கள் அவற்றை வரிசையாக உடைத்தது, ஹவில்தார் அப்துல் ஹமீதுக்குப் பரம்வீர் சக்ரா. ஆனால் நான் இதுவரை கேள்விப்படாத ஒன்று கோகாதெபே. 1974 சைப்ரஸ் சண்டை. துருக்கியும் கிரீஸும் இரண்டுமே அமெரிக்காவின் நேட்டோ ராணுவக் கூட்டணி, இரண்டிடமும் அமெரிக்காவின் பழைய டிஸ்ட்ராயர் கப்பல்கள், பார்த்தால் ஒரே மாதிரி. கிரீஸ் கப்பல் வருகிறது என்று நினைத்துத் துருக்கி விமானங்கள் தங்கள் சொந்தக் கப்பலான கோகாதெபேயையே குண்டு போட்டு மூழ்கடித்தன. இரண்டு கூட்டாளிக்கும் ஒரே சாமானை விற்றால் என்ன ஆகும் என்று தேர்வுக்குழு கேட்டால் இதற்கு மேல் உதாரணம் வேண்டாம். மறுவருடம் அமெரிக்கக் காங்கிரஸ் துருக்கிக்கு ஆயுதத் தடை போட்டது, 1978-ல் எடுத்தது.

இரண்டாம் நாள் விவாதம். மார்த்தாண்டத்திலிருந்து வருகிற ஒரு பெண், நன்றாகத் தயாரித்து வந்திருந்தார். இத்தனை நேரம் அமெரிக்காவைப் பற்றியே பேசினோமே, இப்போது நாமும் கடை திறந்துவிட்டோமே என்று ஆரம்பித்தார். 2022 ஜனவரியில் பிலிப்பைன்ஸோடு பிரமோஸ் ஏவுகணை ஒப்பந்தம், ஏறத்தாழ 37.5 கோடி டாலர், 2024 ஏப்ரலில் முதல் தொகுதி போய்ச் சேர்ந்தது. ஒப்பந்தம் போட்டபோது இருந்தது சீனாவோடு இழைந்துகொண்டிருந்த டுடெர்டே ஆட்சி, சரக்கு இறங்கியபோது சீனாவை முறைத்துக்கொண்டு நிற்கிற மார்கோஸ் ஆட்சி, நாளைக்கு வருகிறவர் எந்தப் பக்கம் என்று யார் சொல்ல முடியும், நம் ஏவுகணையைப் பிரித்துப் பார்க்க ஒரு சீன இன்ஜினியருக்கு எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டார். கூடவே, பிரமோஸ் ரஷ்யாவோடு கூட்டாகச் செய்தது, ஆகவே யாருக்கு விற்கலாம் என்பதில் அவர்களும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சொன்னார். துருக்கி 2019-ல் ரஷ்யாவின் எஸ்-400 வான்பாதுகாப்பு ஏவுகணை வாங்கியதும் அமெரிக்கா அந்த நாட்டை எஃப்-35 போர் விமானத் திட்டத்திலிருந்தே வெளியேற்றியதை எடுத்து, அதே எஸ்-400 நம்மிடமும் இருக்கிறதே, நமக்கு யார் எதை விற்கத் தயங்குவார்கள் என்று திருப்பிப் போட்டார். சார் அன்றைக்கு வாய்விட்டுப் பாராட்டியது அவர் ஒருவரைத்தான்.

ஆனால் முட்டத்துப் பையன் கேட்ட கேள்விக்குச் சார் வழுக்கிவிட்டார், இது என் பெரிய குறை. இலங்கைக் கடற்படைக்கு நாம் சரயு கப்பலைக் கொடுத்தோம், 2017-லும் 2018-லும் கோவாவில் கட்டின இரண்டு ரோந்துக் கப்பல்களையும் கொடுத்தோம், தமிழ்நாட்டு மீனவர்களைப் பிடிப்பதும் அதே கடற்படை, கொடுக்கும்போது ஒரு நிபந்தனையாவது போட்டிருக்கலாமே என்றான். சார், பிடிக்கிறது அந்தப் பெரிய கப்பல் இல்லை, சின்ன அதிவேகப் படகுகள், அது வேற, இது வேற என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எந்தப் படகு பிடித்தது என்பதா கேள்வி? அமெரிக்கா நமக்கு விற்றால் எங்கே வைத்திருக்கிறாய், எதற்குப் பயன்படுத்துகிறாய் என்று வந்து பார்க்க 2009-ல் உடன்பாடே போட்டிருக்கிறது என்று அதே வாயால் அரைமணி நேரம் முன்னால் சொன்னவர். நம் அரசாங்கம் விற்கிறவன் இடத்தில் வந்தால் மட்டும் அவருக்குள் இருக்கிற பழைய யூனிஃபாரம் முழித்துக்கொள்கிறது.

இன்னொன்று, குண்டு விழுகிற இடத்தில் இருப்பவர்களைப் பற்றி இரண்டு நாளிலும் ஒரு வரி இல்லை. 2018 ஆகஸ்டில் ஏமனில் சவுதிக் கூட்டணி பஸ் ஒன்றின்மேல் போட்ட குண்டில் 40 குழந்தைகள் செத்தார்கள், அது அமெரிக்காவில் செய்த குண்டு. இதை நான் எழுப்பியபோது, முக்கியம்தான், அடுத்த வாரம் பார்ப்போம் என்றார். அடுத்த வாரம் தலைப்பு தண்ணீர்ப் பங்கீடு.

வருடத்துக்கு ஒருமுறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குக் கூட்டிப் போவார், அதற்குத் தனிக் காசில்லை, நுழைவுச்சீட்டு மட்டும் நாம் எடுக்க வேண்டும், தவறவிடாதீர்கள். டிலனாய் கல்லறை இருக்கிறதே அங்கே, லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டினது, அதன்முன் நிற்க வைத்து வகுப்பு எடுக்கிறார். 1741 குளச்சல் போரில் டச்சுக் கம்பெனி பக்கம் வந்து பிடிபட்ட அதிகாரி, மார்த்தாண்ட வர்மாவிடமே வேலைக்குச் சேர்ந்து திருவிதாங்கூர் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்தார், இதே கோட்டையில் பீரங்கி வார்க்க ஏற்பாடு செய்தார், 1777-ல் இங்கேயே செத்தும் போனார். சாமானைக் கொடுக்காமல் நிறுத்தலாம், வேலை தெரிந்தவன் தலையில் இருப்பதை எப்படித் திரும்ப வாங்குவாய் என்று கேட்டுவிட்டு ஈரானை மறுபடி இழுத்தார். அந்த எஃப்-14-களைப் பிரித்து மாட்டினவர்கள் பலர் அமெரிக்கர்களே பயிற்சி கொடுத்த ஆட்கள். விமானத்தோடு பயிற்சியும் சேர்த்துத்தான் எப்போதும் விற்பனை, பயிற்சிக்கு எக்ஸ்பயரி தேதி போட முடியாது. புத்தகத்தில் படித்தால் இது எனக்குப் பதிந்திருக்குமா என்பது சந்தேகம்.

இனி வசதிகள். ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் சார் தலைக்கு மேல். மழை பெய்தால் ஆஸ்பெஸ்டாஸ் சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது, ஆனால் கத்தாமல் தெளிவாகப் பேசப் பழகுங்கள் என்று அதையும் பயிற்சியாக்கிவிடுகிறார். கழிப்பறை கீழே, கடைக்காரரிடம் சாவி வாங்க வேண்டும், பெண்களுக்கு இது உண்மையிலேயே சிரமம், இதைச் சரிசெய்யச் சொல்லிப் பலரும் சொல்லியாகிவிட்டது. நோட்ஸ் தரமாட்டார், வருடங்களை வாயால்தான் சொல்வார், அதனால் வீட்டுக்குப் போய் ஒருமுறை சரிபார்த்து எழுதிக்கொள்ளுங்கள். விவாதம் தமிழில் ஆரம்பித்து ஆங்கிலத்தில் முடியும், ஆங்கிலம் தட்டுத்தடுமாறுகிறவர்களை அவர் கிண்டல் செய்வதில்லை, மற்றவர்களையும் செய்ய விடமாட்டார். தேர்வானவர்கள் போட்டோவைச் சுவரில் ஒட்டி வைக்கும் பழக்கம் கிடையாது, எனக்கு அது பிடித்திருந்தது, காசு கட்டப்போகிற அப்பா அம்மாவுக்குப் பிடிக்காமல் போகலாம். இடைவேளையில் எதிர்ச் சாயாக்கடையில் ஏத்தம்பழ பஜ்ஜி சூடாகக் கிடைக்கும், கட்டன்சாயா சுமார்தான்.

சேர விரும்புகிறவர்கள் கீழே பம்புசெட் கடையில் கேட்டால் நம்பர் தருவார்கள், நான் இங்கே போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதில்லை, சனிக்கிழமை நாலு மணிக்கு முன்னால் போய்விடுங்கள்.