மணியை ஜெர்மனிக்குக் கொண்டுவந்த கம்பெனி: கூண்டுக்கு முழு மார்க், காலண்டருக்கு முட்டை

நாயையும் ஜெர்மனிக்குக் கூட்டிப் போகிறேன் என்றதும் அப்பத்தா கேட்டது ஒரே கேள்விதான்: "பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போனவுக யாராச்சும் நாயைக் கூட்டிட்டா போனாக?" கொண்டுவிக்க என்றால் எங்கள் பக்கத்தில் கடல் கடந்து வியாபாரம் பண்ண. மணி நாட்டு நாய், 19 கிலோ, காரைக்குடியை விட்டு வெளியே போனதே இல்லை. வீட்டுக்காரர் மார்ச்சில் வேலைக்குப் போய்விட, நானும் மணியும் மே மாதம் கிளம்புவதாகத் திட்டம். வளர்ப்புப் பிராணிகளை வெளிநாட்டுக்குக் கொண்டுசேர்க்கும், சென்னையில் இருக்கும் ஒரு பெட் ரீலொகேஷன் கம்பெனியிடம் ஜனவரியிலேயே மொத்த வேலையையும் ஒப்படைத்தோம். பெயர் போட்டுச் சண்டை இழுக்க விருப்பமில்லை, ஆனால் நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் சொதப்பல். ஐரோப்பிய யூனியனுக்குள் நாய் போக தோலுக்கடியில் வைக்கிற 15 இலக்க மைக்ரோசிப் வேண்டும், அதற்குப் பிறகு ரேபிஸ் (வெறிநோய்) ஊசி, ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து அவர்கள் அங்கீகரித்த லேபுக்கு அனுப்பி, ரேபிஸ் எதிர்ப்புச் சக்தி மில்லிக்கு 0.5 ஐ.யு. அளவாவது வர வேண்டும், அப்புறம் ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து போகிற நாய்க்கு இதில் எந்தச் சலுகையும் கிடையாது. மணிக்கு டிசம்பரில் ஊசி போட்டிருந்தோம், சிப் வைத்தது ஜனவரியில். சிப்புக்கு முந்தின ஊசி கணக்கில் வராது. ஊசிப் புத்தகத்தை வாட்ஸ்அப்பில் வாங்கிப் பார்த்துவிட்டு "எல்லாம் கரெக்ட் மேடம்" என்ற அதே கம்பெனிதான் ஏப்ரலில் போன் பண்ணி "சின்ன இஷ்யூ" என்றது. சின்னதாம்! மறுபடி ஊசி, மறுபடி 30 நாள், மறுபடி ரத்தம், மறுபடி மூன்று மாதம். மே டிக்கெட் செப்டம்பருக்குப் போனது, டிக்கெட் மாற்றிய காசு என் கையிலிருந்து. இரண்டாவது லேப் பில்லை மட்டும், நான் நாலு நாள் விடாமல் கேட்ட பிறகு, ஏற்றுக்கொண்டார்கள்.

கூண்டு விஷயத்தில் மட்டும் குறை சொல்ல வாயே வராது. வீடியோ காலில் அளக்கச் சொன்னார்கள். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்குகிற இடம் வரை ஒரு அளவு, தரையிலிருந்து முன்னங்காலின் மேல் மூட்டு (முழங்கை) வரை ஒரு அளவு, இரண்டாவதில் பாதியை முதலாவதோடு கூட்டினால் கூண்டின் நீளம். உயரத்துக்கு நின்ற நிலையில் காது நுனி வரை. வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், தூணோரமாக மணியை நிறுத்தி, டெய்லர் டேப்பை நான் பிடிக்க, அப்பத்தா எதிரே தேன்குழலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மணி தேன்குழலுக்குக் கழுத்தை நீட்டியதில் நாலு அங்குலம் கூடிவிட்டது. போனில் இருந்த பையன் அதைக் கண்டுபிடித்துத் திரும்ப அளக்க வைத்தான், இரண்டு தடவை.

கூண்டை ஒரு மாதம் முன்னாலேயே அனுப்பிவிட்டார்கள், இதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். ஆத்தங்குடி டைல்ஸ் கல் பதித்த தரையின் குளிர்ச்சியில் வயிற்றை ஒட்டிப் படுத்தே பழகிய நாய் அந்தப் பிளாஸ்டிக் பக்கம் போகவே இல்லை. மாடியில் மிச்சம் கிடந்த ஒரு ஆத்தங்குடிக் கல்லை உள்ளே வைத்தேன், அன்று ராத்திரியே போய்ப் படுத்துக்கொண்டது. கல்லோடு விமானத்தில் அனுப்ப முடியாதே, அதனால் பத்து நாள் கழித்துக் கல்லை எடுத்துவிட்டு அப்பத்தாவின் பழைய கண்டாங்கியை மடித்துப் போட்டேன், முறைத்துப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொண்டது.

சென்னைக்கு அவர்கள் வேன்தான். ரயிலில் நாயைக் கூடவே வைத்துக்கொள்ள முதல் வகுப்பில் கூபே என்கிற தனி அறை முழுவதையும் புக் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் கார்டு வேனில் இருக்கும் நாய்ப்பெட்டி. எங்கள் ஊரிலிருந்து சென்னை போகும் பல்லவன் எக்ஸ்பிரஸில் உட்காரும் சீட்டுதான், கூபேக்கு எங்கே போவது? வேன் சுத்தமாக இருந்தது, ஏசி ஓடியது, டிரைவர் மூன்று இடத்தில் நிறுத்தி நடக்க விட்டார். தூக்க மாத்திரை கொடுக்கலாமா என்று சித்தப்பா கேட்டதற்கு, மயக்கத்தில் மேலே மூச்சு சிரமமாகும், விமானக் கம்பெனியும் ஏற்காது என்று அந்த டிரைவரே சொன்னார்.

வெளிநாடு போகிற பிராணிகளுக்குச் சர்டிபிகேட் கொடுக்கும், சென்னை பள்ளிக்கரணை குவாரண்டைன் ஆபீஸில் அலைச்சல் எனக்கு இல்லை, அவர்கள் ஆளே எல்லாம் பார்த்துக்கொண்டார். ஐரோப்பாவுக்கான ஹெல்த் சர்டிபிகேட் கையெழுத்தான நாளிலிருந்து பத்து நாள்தான் செல்லும், நாய் போவதற்கு முன்னோ பின்னோ ஐந்து நாளுக்குள் நாமும் போக வேண்டும். இந்தக் கடைசி வாரக் கணக்கை மட்டும் பிசகாமல் பார்த்தார்கள். ஃபிராங்க்ஃபர்ட்டில் சிப்பை ஸ்கேன் பண்ணி, காகிதத்தைப் பார்த்து, சில மணி நேரத்தில் விட்டுவிட்டார்கள்.

செலவு? என் டிக்கெட்டைப் போல மூன்று மடங்கு. ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். அடுத்த ஆளுக்கு நான் சொல்வது, சிப், ஊசி, ரத்தம் மூன்றையும் உங்கள் ஊர் டாக்டரிடமே தேதி எழுதி வாங்கி நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். கூண்டு, வேன், பள்ளிக்கரணை, விமானம் இவ்வளவுக்கும் மட்டும் இவர்களிடம் தனியாக விலை கேளுங்கள், கேட்டால் கொடுக்கிறார்கள். பேக்கேஜ் எடுத்தால்தான் உண்டு என்று முதலில் சொல்வார்கள், அதை நம்பாதீர்கள்.